கேரியர் கோச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

“எனக்கு ஒரு கேரியர் கோச் வேணும்போல இருக்கு” என்று, வேலை பற்றிய முடிவெடுக்கக் காசு வாங்கிக்கொண்டு பேசி உதவும் ஒருவரைத் தேடுபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கோச் முன்னால் உட்கார்ந்ததும் வாயிலிருந்து வரப்போகும் முதல் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ‘குரோத்’, ‘ஸ்டாக்னேஷன்’ என்று அப்ரைசல் படிவத்து வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையான குறை அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எழுதும் வாக்கியங்கள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். “முப்பது நாப்பது இடத்துக்கு அப்ளை பண்ணியாச்சு, ஒரு கால்கூட வரல.” “ரவுண்டு ரவுண்டா போறேன், எங்கயோ ஒரு இடத்துல அடிபடுது.” “இருபத்தஞ்சு கேட்கலாமா, முப்பது கேட்கலாமா?” “மேனேஜர் பிஐபில போட்டுட்டாரு” (வேலை சரியில்லை என்று கெடு வைத்துக் கண்காணிக்கும் திட்டம்). “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடங்குது.” அப்புறம் இது: “பதினோரு வருஷம் ஆச்சு. ஆளுங்களை மேய்க்கிற வேலைக்குப் போறதா, டெக்னிக்கலாவே இருந்துடறதா, இல்ல கோயம்புத்தூருக்கே போயிடலாமான்னு தெரியல.”

இந்த ஆறில் கடைசி ஒன்றுதான் முழுக்க முழுக்க கோச்சுக்கான கேள்வி. மற்ற ஐந்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் பெரும்பாலான கோச்சுகள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், ஆறு செஷன் பேக்கேஜ் ஒன்றைச் சொல்வார்கள். உங்கள் வேலைதான் நடக்காது.

எந்த இடத்தில் ஒழுகுகிறது

அப்ளிகேஷன், ரெக்ரூட்டர் அழைப்பு, டெக்னிக்கல் ரவுண்டுகள், ஹயரிங் மேனேஜர் ரவுண்டு, ஆஃபர். வேலை தேடுவது இந்த ஐந்து துண்டுக் குழாய். எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று பார்க்காமல் மொத்தக் குழாயையும் மாற்றக் காசு கொடுப்பதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது. ஒரு எக்செல் ஷீட்டில் ஐந்து பத்தி போட்டுக் கடைசி இரண்டு மாதக் கணக்கை எழுதுங்கள். குறைந்தது முப்பது அப்ளிகேஷன் இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. எட்டு இடத்தில் போட்டுவிட்டு மார்க்கெட் செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

முப்பதுக்கு ஒரு அழைப்பும் இல்லை என்றால் உங்கள் திறமையை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ரெக்ரூட்டர் ஆள் தேடும்போது திறன் சொற்கள், அனுபவ ஆண்டுகள், ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது ஆக்டிவாக இருந்தார் என்றெல்லாம் வடிகட்டித்தான் பட்டியலை எடுக்கிறார். 90 நாள் நோட்டீஸ் போட்டிருப்பவர், ஒரு மாதத்துக்குள் சேரக்கூடியவர்களை மட்டும் வடிகட்டும் ரெக்ரூட்டரின் திரையில் வரவே மாட்டார். அவர் ரெஸ்யூமேயைப் பத்து முறை திருத்தினாலும் பலன் இல்லை. ரெஃபரல் வழியாகப் போக வேண்டும், அல்லது நோட்டீஸைக் காசு கொடுத்துக் குறைக்க முடியுமா என்று தன் பழைய ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். பைஅவுட் பேசிக்கிலா, மொத்தச் சம்பளத்திலா என்பது அதில் ஒரே வரியில் இருக்கும். பேசிக் 50,000, மொத்தம் 1,10,000 என்றால் 60 நாளைக் குறைக்க ஒரு லட்சமா, 2.2 லட்சமா என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க கோச் எதற்கு?

நோட்டீஸ் பிரச்சினை இல்லாமலும் அழைப்பு வரவில்லையா? ரெஸ்யூமேயின் முதல் பக்க மேல் பாதியை மட்டும் படித்துப் பாருங்கள். சர்வீஸ் கம்பெனியில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு அங்கே புராஜெக்ட்டின் உள்பெயரும், கிளையன்ட்டின் தொழிலும், ‘பொறுப்பேற்றிருந்தேன்’ வகை வரிகளும் நிறைந்திருக்கும். எதைக் கட்டினார், எவ்வளவு பேர் பயன்படுத்தினார்கள், எவ்வளவு நேரம் மிச்சமானது என்ற எண் எதுவும் இருக்காது. நீங்கள் போக விரும்பும் மாதிரி டீமுக்கு ஆள் எடுக்கிற ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இது சரியாகிவிடும். காலேஜ் சீனியர் யாராவது அப்படி இருப்பார்.

அழைப்பு வருகிறது, டெக்னிக்கலில் விழுகிறது என்றால் அது படிப்பு. ரவுண்டு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகளை எழுதிவைத்து, நாலு இன்டர்வியூ சேர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஓட்டை மீண்டும் மீண்டும் தெரியும். சிஸ்டம் டிசைன் தெரியாதவருக்குத் தன்னம்பிக்கை செஷன் கொடுத்தால், தன்னம்பிக்கையோடு அதே கேள்வியில் விழுவார்.

ஹயரிங் மேனேஜர் ரவுண்டில் மூன்று முறைக்கு மேல் நின்றுபோனால் மட்டும் விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே நம்மூர் பழக்கம் ஒன்று காலை வாரும். “நீங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டால் “டீமா சேர்ந்து பண்ணோம் சார்” என்று பதில் வரும். ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை என்று வளர்ந்திருக்கிறோம். எதிரில் இருப்பவருக்கோ மதிப்பெண் போட ஒரு ‘நான்’ வேண்டும். போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, எத்தனை ‘நாங்கள்’, எத்தனை ‘நான்’ என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஆறேழு சம்பவங்களைத் தயார்செய்யுங்கள்: தோற்ற ரிலீஸ் ஒன்று, மேனேஜரோடு முரண்பட்டது ஒன்று, அவகாசம் போதாத வேலை ஒன்று என்று. ஒவ்வொன்றிலும் நீங்கள் தனியாக எடுத்த முடிவு எது என்று பிரித்து எழுதுங்கள். இதற்கு வெளியாள் தேவைப்பட்டால் இரண்டு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, போதும். மூன்று மாத ஒப்பந்தம் அதிகம்.

சம்பளக் கேள்வி ஒரு மணி நேர வேலை. சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, பிரித்துப் பாருங்கள்: கம்பெனி பங்கு பிஎஃப், பேசிக்கில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி (ஐந்து வருடம் இருந்தால்தான் பொதுவாக அது கைக்கு வரும்), வேரியபிள், ஒரு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்ட வேண்டிய ஜாயினிங் போனஸ். மாதம் கைக்கு வருவதை மட்டும் இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிட்டால் முப்பது லட்சம் பல சமயம் இருபத்தாறு லட்சத்தின் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிஐபி வந்தவருக்கு நேரம்தான் சிக்கல். 30 முதல் 90 நாளுக்குள் முடிந்துவிடும் விஷயத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு செஷன் என்ற கோச்சிங் வேகம் ஒத்துவராது. “நீங்களே ரிசைன் பண்ணிடுங்க” என்று மீட்டிங் அறையில் சொன்னால் அங்கேயே சம்மதிக்காமல், மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு, வேலைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசுவது முதல் வேலை. ஞாயிறு சாயங்காலப் படபடப்பு வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் அதற்கான இடம் வேறு. அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில்தான் இருக்கிறோம், பி.டி.எம். லேஅவுட்டில் அதன் நலவாழ்வு மையமும் உண்டு. இந்த நிலையில் வரும் ஒருவரை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பாமல் ‘மைண்ட்செட்’ என்று தானே கையில் எடுக்கும் கோச்சிடம் திரும்பிப் போகாதீர்கள்.

கோச் உண்மையில் விற்பது என்ன

கோயம்புத்தூர் வாக்கியத்துக்கு வருவோம். இவருக்குத் தகவல் குறைவு இல்லை. சரவணம்பட்டியில் என்ன கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே போனால் சம்பளம் எவ்வளவு இறங்கும், இங்கே வாடகை எவ்வளவு மிச்சமாகும் எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு முடிவு எடுப்பார். திங்கள் காலை எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்போது அது மாறிவிடும். எட்டு மாதமாக இதே சுற்று.

சுற்றி இருப்பவர்களைக் கேட்கலாம்தான். அம்மாவுக்குப் பையன் பக்கத்தில் இருக்க வேண்டும். மனைவியின் வேலை ஒயிட்ஃபீல்டில். மேனேஜருக்கு அடுத்த ரிலீஸ்வரை ஆள் போகக்கூடாது. சீனியர் அண்ணனுக்குத் தன் கம்பெனியில் ரெஃபரல் போனஸ் இருக்கிறது. அப்பாவுக்குப் பெங்களூர் சம்பளத்தைச் சொல்லிக்கொள்ளப் பிடிக்கும். எல்லோருக்கும் இவர்மேல் அக்கறை உண்டு. எல்லோருக்கும் இவர் முடிவில் பங்கும் உண்டு.

கோச்சிடம் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பங்கு இல்லாத ஒரு ஆளை. நீங்கள் போனாலும் இருந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனால்தான் “போன வாட்டி அம்மாவுக்காகன்னு சொன்னீங்க, இந்த வாட்டி சம்பளத்துக்காகன்னு சொல்றீங்களே” என்று அவரால் கேட்க முடிகிறது. இதை வைத்தே மீதி எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். எதிரில் இருப்பவருக்கு உங்கள் முடிவில் பங்கு உண்டாகும்படி ஏதாவது ஏற்பாடு இருந்தால், நீங்கள் வாங்க வந்த பொருளே அங்கு இல்லை.

கன்சல்டன்சிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைச் சேர்த்துவிட்டால் கம்பெனி அவருக்குக் கமிஷன் தரும். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு ஆண்டு சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 24 லட்ச ரூபாய் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். அவர் கொடுக்கும் ‘கேரியர் அட்வைஸ்’ கெட்டது என்றில்லை, ஆனால் “இருக்கிற இடத்திலேயே இருங்க” என்று சொல்ல அவருக்குக் காரணமே கிடையாது. கோர்ஸ் விற்கும் நிறுவனங்களின் ‘கேரியர் கவுன்சிலர்’ பதவியும் அப்படித்தான்: எந்தக் கேள்வி கேட்டாலும் விடை ஒன்பது மாத டேட்டா சயின்ஸாக இருக்கும். உங்களிடமும் காசு, கம்பெனியிடமும் கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்குபவர், வேலைக்கு உத்தரவாதம் என்று முன்பணம் கேட்பவர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

மென்டார் என்பவர் வேறு. அவர் போன பாதையைச் சொல்வார். பாதை ஒத்துப்போனால் தங்கம். காசு வாங்க மாட்டார், அதனால் மூன்றாவது தடவை போன் செய்ய உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

முதலில் மூன்று வாரம்

பணம் கட்டும் முன் மூன்று வாரம் இதைச் செய்துபாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. முடியாதவர்களுக்கும் கோச்சின் முதல் இரண்டு செஷன் மிச்சம்.

பத்து வேலை நாளுக்கு, நாள் முடிவில் ஐந்து நிமிடம். அன்று செய்த வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி: நேரம் போனதே தெரியவில்லை, அல்லது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘என் வேலை பிடிக்கல’ என்று ஆரம்பிப்பவரின் தாளில் பத்து நாள் கழித்துப் பார்த்தால் வேலையில் முக்கால்வாசிக்கு நல்ல குறியே இருக்கும். சனியன் எல்லாம் ராத்திரி ஒன்பது மணி ஆன்சைட் காலில் இருக்கும். அவருக்குத் தேவை டீம் மாற்றம், துறை மாற்றம் இல்லை.

இரண்டாவது வாரம், இதோடு சேர்த்து, நீங்கள் போக நினைக்கும் வேலையில் இப்போது இருக்கும் ஐந்து பேரிடம் இருபது நிமிடம். “வேலை எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவால்ல, போகுது” என்பார்கள். “நேத்து காலைல பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் என்னென்ன பண்ணீங்க?” என்று கேளுங்கள். புராடக்ட் மேனேஜர் ஆகத் துடிப்பவர்கள் இந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள், ஏனென்றால் அந்த நாளில் ஏழு மீட்டிங்கும் ஒரு எக்செல் ஷீட்டும் இருக்கும். ஐந்துக்கு மூன்று பேராவது உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களாக இருக்கட்டும். நண்பர்கள் உங்களை உற்சாகப்படுத்துவார்கள்.

மூன்றாவது வாரம், விட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கணக்கு. மாதச் செலவு, ஊருக்கு அனுப்புவது, ஈஎம்ஐ, இன்சூரன்ஸ். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும் என்பதை அப்பா அம்மாவை அதில் சேர்த்திருப்பவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு எண் வரும். இரண்டு என்றால் இப்போதைக்குக் கேள்வியே வேறு.

டெஸ்ட் எழுத ஆசைப்பட்டால் உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு ஆர்வ வகைகளின் அடிப்படையிலான ஆர்வச் சோதனை ஒன்று, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில், 60 கேள்விகளோடு இலவசமாகவே கிடைக்கிறது. அது ஆர்வத்தைச் சொல்லும், திறமையைச் சொல்லாது. இருபத்தைந்து பக்க ரிப்போர்ட் என்று தனியாக விலை போடுபவரிடம் அதற்கு மேல் இது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை என்ன படிக்கலாம் என்று சொல்லும் டிஎம்ஐடி கடைகள் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டன. அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஜோசியருக்குக் கொடுத்தால் மஞ்சள் குங்குமமாவது கிடைக்கும்.

ஆளைத் தேர்வது

மூன்று வாரம் கழித்தும் வாக்கியம் அப்படியே இருந்தால் கோச் தேடலாம். இந்தியாவில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு போட்டுக்கொள்ளலாம். வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருப்பதுபோல் பதிவு எதுவும் சட்டப்படி தேவையில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் சான்றுகளில் அதிகம் காதில் விழுவது 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனுடையது. அதில் மூன்று படிகள். ஏசிசி என்றால் 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும். பிசிசி 125 மணி பயிற்சி, 500 மணி அனுபவம். எம்சிசி 200 மணி, 2,500 மணி. ஒருவர் பெயரைப் போட்டுச் சான்று இப்போதும் செல்லுமா என்று அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். சான்று காலாவதியான பிறகும் லிங்க்ட்இன்னில் அந்த மூன்றெழுத்து அப்படியே இருக்க வாய்ப்புண்டு.

இந்தச் சான்று எதைச் சொல்கிறது என்பதிலும் தெளிவாக இருங்கள். நன்றாகக் கேள்வி கேட்பார், குறுக்கே பேசாமல் கேட்பார், ரகசியம் காப்பார் என்று எதிர்பார்க்கலாம். மான்யதா டெக் பார்க்கில் ஒரு ஜிசிசி (வெளிநாட்டுக் கம்பெனியின் சொந்த இந்திய அலுவலகம்) என்ன மாதிரி ஆள் எடுக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது. பழைய எச்ஆர் தலைவர்கள் கோச் ஆகும்போது இது தலைகீழ்: மார்க்கெட் தெரியும், வாயை மூடிக் கேட்கத்தான் தெரியாது. கோயம்புத்தூர் மாதிரிக் கேள்விக்கு முதல் வகை ஆள் மேல்.

முதல் அழைப்பு பெரும்பாலும் இருபது முப்பது நிமிடம், இலவசம். அதில் யார் அதிகம் பேசினார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பாதிக்கு மேல் கோச்சே பேசியிருந்தால் அது விற்பனைக் கால். உங்கள் வாக்கியத்தை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, “இந்த மாதிரி ஒருத்தர் உங்ககிட்ட வந்து சரியா வராமப் போன கேஸ் ஏதாவது இருக்கா? ஏன் சரியா வரல?” என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல், ஆனால் காரணத்தோடு பதில் வந்தால் அனுபவம் இருக்கிறது. “அப்படி இதுவரைக்கும் ஆனதே இல்லைங்க” என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். அடுத்து, “எப்படிப்பட்டவங்களை வேண்டாம்னு அனுப்புவீங்க?” அதற்கும் அடுத்து, “கோர்ஸ், வேலை, ரெஃபரல் எதுலயாவது உங்களுக்குக் கமிஷன் வருமா?” இந்தக் கேள்விக்குக் கோபம் வந்தால் அதுவும் பதில்தான். இரண்டு பேரிடமாவது இப்படிப் பேசிவிட்டு முடிவெடுங்கள். அதே காலில் ‘இன்னைக்கு மட்டும் தள்ளுபடி’ என்றவரைக் கழித்துவிடுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் ஆங்கிலத்தில் பேசும்போது நாம் ஆபீஸ் ஆளாகவே இருக்கிறோம். அப்பாவின் கடன், தங்கையின் கல்யாணம், சொந்த ஊரில் பாதி கட்டி நிற்கிற வீடு எல்லாம் ஆங்கிலத்தில் வாயில் வராது. ஆனால் முடிவு அவற்றில்தான் மாட்டியிருக்கும். தமிழ் தெரிந்த கோச் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். கிடைக்காவிட்டால், “ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துக்கணும்” என்பதை முதல் காலிலேயே சொல்லி அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள். அதை ஒரு மனத்தடையாக, உடைக்க வேண்டிய நம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அது வாழ்க்கையின் நிபந்தனை. அதை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

பணம்

கட்டணத்துக்குப் பொதுவான விலை என்று எதுவும் இல்லை. ஆகவே செஷனுக்கு 5,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆறு செஷன் 30,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தால் 35,400. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் தனியாள் கோச் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. பில்லில் 15 இலக்க எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். கர்நாடகா எண் 29-ல் ஆரம்பிக்கும், தமிழ்நாடு 33. சம்பளக்காரர்களுக்கு இந்தச் செலவுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. சில கம்பெனிகளில் லேர்னிங் பட்ஜெட் இருக்கும். ஆனால் வேலை மாறுவதற்கான பில்லை எச்ஆரிடம் நீட்டுவதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இரண்டு செஷனுக்கு மட்டும் முதலில் கட்டுங்கள், மீதி பிறகு. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மூன்றாவது செஷனில் நிறுத்தும் உரிமைக்கு அந்தத் தள்ளுபடியை விலையாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆபத்து ஈஎம்ஐ-யில் இருக்கிறது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கோச்சிங்கையும் கோர்ஸையும் சேர்த்துக் கட்டி, “மாசம் வெறும் எட்டாயிரம்தான்” என்பார்கள். அது தவணை இல்லை, உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். நிதி நிறுவனம் முழுத் தொகையையும் முதலிலேயே அவர்களுக்குக் கொடுத்துவிடும். வகுப்பு நின்றாலும் கோச் காணாமல் போனாலும் உங்கள் தவணை நிற்காது. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிபடும். மொத்தப் பணமும் கைக்கு வந்துவிட்ட ஆளுக்கு உங்கள் ஐந்தாவது செஷனில் என்ன அக்கறை இருக்கும்? அவசரத்தில் ஆதார் ஓடிபி சொல்லிக் கையெழுத்தாகிவிட்டால் உடனே கடன் ஒப்பந்தத்தைத் திறந்து ‘கூலிங் ஆஃப்’ என்ற பகுதியைத் தேடுங்கள். டிஜிட்டல் கடனுக்கு அப்படி ஒரு விலகும் காலம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மிகக் குறுகிய காலம்தான், நாள் கணக்கில். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் அபராதமின்றி வெளியே வரலாம்.

எழுத்தில் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: எத்தனை செஷன், எத்தனை நிமிடம், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் தேதியை மாற்றலாம், இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் என்ன ஆகும், பதிவு எடுப்பார்களா, அந்தப் பதிவு யாரிடம் இருக்கும். ஒரு மெயிலில் இருந்தாலும் போதும். பணம் வாங்கிக்கொண்டு சேவை தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். யுபிஐயில் அனுப்பிவிட்டு பில் வாங்காதவர்கள் அங்கே திண்டாடுவார்கள்.

செஷன்கள்

நல்ல இடைவெளி இரண்டு வாரம். வாரா வாரம் என்றால் நடுவில் எதுவும் நடந்திருக்காது, பேச்சு மேனேஜர் புராணமாகிவிடும். மாதம் ஒன்று என்றால் போன தடவை பேசியது மறந்துவிடும். நடுவில் இரண்டு மூன்று மணி நேர வேலை உங்களுக்கு இருக்க வேண்டும்: யாரையாவது பார்த்துப் பேசுவது, ஒரு கணக்கு போடுவது, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு மெயிலை அனுப்புவது. கோச்சிங் வீணாகப் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். செஷனில் பேசிவிட்டு வந்ததே வேலை செய்த திருப்தியைக் கொடுத்துவிடுகிறது.

வீடியோ காலே போதும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இந்திராநகருக்கு வேலை நாள் சாயங்காலம் போய்வந்தால் சொல்ல வந்தது பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் கம்பெனி லேப்டாப்பிலும் கம்பெனி நெட்டிலும் பேச வேண்டாம். பிஜியில் ரூம்மேட் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போங்கள்.

மூன்றாவது செஷன் முடிந்த அன்று முதல் தாளை எடுத்து வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். ஆளுங்களை மேய்ப்பது, டெக்னிக்கல், கோயம்புத்தூர் என்ற மூன்று வழிகளில் ஒன்றாவது அடிபட்டுப் போயிருக்க வேண்டும். வெளி உலகில் ஒரு காரியமாவது நடந்திருக்க வேண்டும்: ஒரு அப்ளிகேஷன், மேனேஜரோடு ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. இரண்டும் இல்லாமல் “மனசு லேசா இருக்கு” என்பது மட்டும் இருந்தால் அந்த வேலைக்கு நல்ல சிநேகிதர் ஒருவர் போதும், அங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்துவதைக் கோச்சிடம் நேராகச் சொல்லுங்கள். நல்லவர்கள் அதை ஏற்கெனவே எதிர்பார்த்திருப்பார்கள்.

கம்பெனியே கோச் வைத்துக் கொடுத்தால், அது நன்றாகவே இருக்கலாம், ஆனால் பங்கு பற்றிய கேள்வி இங்கே இன்னும் கூர்மை. காசு கொடுப்பவர் எச்ஆர். ஆரம்பத்தில் நீங்கள், மேனேஜர், கோச் மூவரும் சேர்ந்த ஒரு மீட்டிங் இருக்கும். அதிலேயே, மேனேஜருக்கு என்ன தகவல் போகும் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். வந்தாரா இல்லையா, இலக்கு என்ன என்பது மட்டும் போகும் என்றால் சரி. கோச் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பிரசன்டேஷன், டீம் நடத்துவது மாதிரி விஷயங்களுக்கு மட்டும் அந்த நாற்காலியைப் பயன்படுத்துங்கள். வேறு இடத்தில் ஆஃபர் இருப்பதை அங்கே சொல்லாதீர்கள்.

ஆறு செஷன் பேசியிருந்தால் ஐந்தோடு நிறுத்தி, கடைசி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் காலத்தை ஆறு மாதமாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் இது முடியும். ரிசைன் போட்ட பிறகு 90 நாள் நோட்டீஸில் ஒரு நாள் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, “எவ்வளவு குடுத்தா இருப்பீங்க?” என்று கேட்பார். அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். அந்தக் கடைசி செஷனை அடுத்த நாள் காலைக்குப் போடுங்கள்.